மருந்து வாடை அடித்த தொட்டி

நீந்தத் தெரியாமலே நீச்சல் குளம் கட்டிவிட்ட என் பிள்ளைக்கு, நீந்தத் தெரிந்தும் ஒரு சிமெண்டுத் தொட்டியைத் தாண்டாத உன் அப்பன் திருத்தணியிலிருந்து எழுதுவது.

முந்தாநாள் போனில் நான் போட்ட கத்தலில் உன் காது இன்னும் ரீங்காரம் பாடிக்கொண்டிருக்கும். பொறுத்துக்கொள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் நாற்பது பேரும் ரெண்டு நாள் முழுக்க உன் குளத்தில் ஊறிக் கிடந்தார்கள், மூன்றாம் நாள் தண்ணீரில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது, உன் மகளுக்குக் கண் சிவந்தது, குளத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் மருந்து ஜாஸ்தி என்றான், நீ பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டாய். இதைச் சொல்லிவிட்டுத்தான் வாடையே வராத குளோரின் எது அப்பா, உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டாய். பெரிய மனுஷனாக ஒரு பதில் சொல்ல வேண்டிய இடத்தில், பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதே என்று மட்டும் நாலு தடவை கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். கத்தினதன் அர்த்தத்தை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கம் கூடிப்போனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. உன் அம்மாவைப் பற்றின சமாசாரம் நடுவில்தான் வருகிறது.

முதலில் வேலையை முடிப்போம். குடிநீர் நிலையத்தில் முப்பது வருஷம் குளோரின் குடித்த மூக்கு சொல்கிறது, கேட்டுக்கொள். நல்ல குளோரின் நிறைய இருக்கிற தண்ணீர் அப்படி நாறாது. அழுக்கோடு மல்லுக்கட்டி, அதிலேயே சிக்கிக்கொண்டு, இனிமேல் எதையும் கொல்லச் சத்தில்லாமல் போன குளோரின்தான் மூக்கைத் துளைக்கும், கண்ணைக் கரிக்கும். வியர்வை, தலை எண்ணெய், பவுடர், அப்புறம் நாற்பது பிள்ளைகளில் எத்தனை பேர் அவசரத்துக்குக் கரையேறி ஒதுங்கினார்கள் என்று நீ எண்ணவா போகிறாய்? எல்லாம் சேர்ந்துதான் அந்த வாடை. ஆக, வாடை அடித்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். உன் ஆள் சொன்னது நேர் தலைகீழ். சாயங்காலம் வெயில் இறங்கினதும் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, டப்பாவில் போட்டிருக்கிற பெரிய அளவை ஒரே தடவையில் போடச் சொல். வெயிலில் போட்டால் பாதியைச் சூரியனே குடித்துவிடும். மறுபடி சோதித்து, சரியான அளவுக்கு இறங்கின பிறகுதான் பிள்ளை இறங்க வேண்டும்.

எந்தக் குளோரின் என்று கேட்டாய். கடைக்காரன் மூன்று காட்டியிருப்பான். தூள் நல்ல வீரியம், மூடி இறுக்கமாக இருந்தால் வெகுநாள் தாங்கும். ஆனால் உன் வீட்டு போர் தண்ணீர் ஏற்கெனவே உப்புத் தண்ணீர், குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நான் வந்தபோதே பார்த்தேன். தூளிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் மோர் மாதிரி கலங்கும். மாத்திரை சோம்பேறிகளின் தோழன், மிதக்கவிட்டால் தானே கரையும். அதில் வெயிலைத் தடுக்க ஒரு சரக்குச் சேர்த்திருப்பான், அது தண்ணீரிலேயே தங்கித் தங்கிச் சேர்ந்து கடைசியில் குளோரினையே மந்தமாக்கிவிடும், பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டினால்தான் விமோசனம். ஊருக்குப் போகிற நாளில் வைத்துக்கொள், தினசரிக்கு வேண்டாம். உன் வீட்டுக்குத் திரவந்தான் சரி. ஒரே ஒரு குறை, வெயிலிலும் வெக்கையிலும் மாதத்துக்குள் அதுவே நீர்த்துப் போகும். சின்னக் கேனாக, புதிதாகப் பார்த்து வாங்கி, நிழலில் வை. இரண்டு வகையை ஒரே வாளியில் கலக்கவே கலக்காதே, தீப்பிடிக்கும், புகை நெஞ்சை அடைக்கும். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தை ஊற்ற வேண்டும், மருந்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தால் இது கம்பெனிக்காரன் கொடுக்கிற நோட்டீஸ். நான் கத்தினது நோட்டீஸுக்காக இல்லை. உன் அம்மாவின் இடது காதுக்காக.

அந்தக் காது ஏன் கேட்காது என்று நீங்கள் மூன்று பேரும் சின்ன வயதில் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் மூன்று கதை சொன்னேன். அக்காவிடம், உங்கம்மா ரயில் எஞ்சினோடு ரகசியம் பேசினாள் என்றேன். தம்பியிடம், மலைக் கோயில் மணிக்குள்ளே தலையை விட்டுவிட்டாள் என்றேன். உன்னிடம், கல்யாணத்தன்று நான் பேச ஆரம்பித்ததும் ஒரு கதவை அவளே சாத்திக்கொண்டாள் என்றேன். நீ ரொம்ப நாள் அதை நம்பினாய். ஊரில் எத்தனையோ பேருக்கு விளையாட்டாகக் காது குத்தினவன் நான். உன் அம்மாவுக்கு மட்டும் நிஜமாகவே காதில் குத்திவிட்டேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பதினைந்து முடிந்து மீசை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வயது. கனகம்மாசத்திரம் பக்கத்து எங்கள் ஊரில் என்னைத் தண்ணி தெளித்து விட்டுவிட்டார்கள். தெளித்த தண்ணீர் காய்வதற்குள் என் அம்மா என்னைத் திருத்தணியில் தன் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டாள், ஹைஸ்கூல் படிக்கட்டும் என்று. அந்த அண்ணன்தான் உன் தாத்தா. அரக்கோணம் எஞ்சின் கொட்டகையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் டூட்டி, ரிப்போர்ட் என்றுதான் பேசுவார். மனைவி போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும் உன் அம்மாவும்தான். அவளுக்கு அப்போது பதின்மூன்று.

இளம்பிள்ளை வாதம் வந்து அவள் வலது கால் சூம்பியிருந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அந்தக் காலில் இன்றைக்கு இருக்கிற இவ்வளவு வலுவும் எங்கிருந்து வந்தது என்பது. அரக்கோணத்து டாக்டர் ஒருவர் உன் தாத்தாவிடம், இவளைத் தண்ணீரில் நடக்க விடுங்கள், தரையில் தூக்க முடியாத கால் தண்ணீரில் தூக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஆற்றில் தண்ணீர் இல்லை, கோயில் குளத்தில் வயசுப் பெண்ணைத் தினம் இறக்க முடியாது. தாத்தா வேறு யோசனையே பண்ணவில்லை. மலையடிவாரத்தில் நம் கிணற்றுக்குப் பக்கத்தில் நாலு ஆள் நீளத்துக்குச் சிமெண்டில் ஒரு தொட்டி கட்டினார். ஒரு கோடியில் இடுப்பளவு, மறு கோடியில் மார்பளவு. பிடித்துக்கொள்ள ஓரம் முழுக்க இரும்புக் குழாய். மகளுக்குத் தெப்பக்குளம் கட்டுகிறார், தெப்பம் எப்போது என்று ஊர் கேட்டது. கேட்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். ஆனால் முதல் நாள் அவள் அந்தக் குழாயை விட்டுவிட்டு, யார் தோளையும் பிடிக்காமல், தண்ணீருக்குள் தனியாக நின்றாளே, அதைப் பார்த்தபோது என் வாயில் ஒரு பேச்சும் வரவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது.

கிணற்றில் கவலை என்கிற ஏற்றத்தில் மாடு கட்டி இறைத்து அந்தத் தொட்டியை நிரப்ப ரெண்டு நாள் பிடிக்கும். தினம் மாற்ற முடியாது. நாலாம் நாள் பச்சை கட்டிவிடும். டாக்டரைக் கேட்டதற்குப் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். அங்கேதான் உன்னுடைய கேள்வி எங்களுக்கும் வந்தது, எந்தப் பவுடர் என்று. பஜாரில் ஒரு கடையில் கோணியில் திறந்து வைத்திருப்பதைக் காகிதத்தில் கட்டிக் கொடுப்பான். அதைப் போட்டோம். தண்ணீர் வெள்ளையானது, அப்புறம் மறுபடி பச்சையானது. அதில் சுண்ணாம்பு மட்டும் மிச்சமிருந்தது, சத்து எப்போதோ காற்றோடு போய்விட்டது. பிறகு தாத்தா பழைய சிநேகிதரைப் பிடித்து, இறுக்கி மூடின தகர டப்பா ஒன்று வாங்கி வந்தார். மூடியைத் திறந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தாத்தா மூக்கைச் சிந்திவிட்டு, “அது செத்த மருந்துடா. இது உசுரோட கீது,” என்றார். அன்றையிலிருந்து அவருக்கு மூக்குதான் மீட்டர். வாடை அடித்தால் மருந்து இருக்கிறது, அடிக்காவிட்டால் இல்லை. எஞ்சினின் ஆவிச் சத்தத்தை வைத்தே எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். அவர் மூக்கைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

டப்பா டூட்டி எனக்கு வந்தது. தினம் சாயங்காலம் வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கினதும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அந்தத் தெளிந்த நீர் என் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருந்த தாத்தாவின் மஞ்சள் வேட்டியில் நாலு சொட்டு விட்டேன். காலையில் நாலு இடத்தில் வெள்ளைப் பொட்டு. முருகனுக்கே உங்கள் விரதம் மேல் சந்தேகம் வந்துவிட்டது மாமா, சாயம் வெளுத்துப் பார்க்கிறார் என்றேன். துரத்தித் துரத்தி அடித்தார். உன் அம்மா திண்டில் சாய்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்க வேண்டும் என்றுதான் அந்த வருஷம் பாதிக் குறும்பு செய்தேன் என்று இப்போது எழுதுவதில் வெட்கமில்லை. மீதிப் பாதி சுபாவம்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடி எடுத்து வருகிறவன் மலையேறும் முன் குளிக்கத் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. இந்த ஊரில் கிணறு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அது எழுதாத சட்டம், இன்றைக்கும் நாம் வாசலில் அண்டா வைக்கிறோமே, அதுதான். தாத்தா தொட்டியையே திறந்துவிட்டார். மகள் கால் தேற வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டவர், முருகன் ஆட்களை வேண்டாம் என்று சொல்வாரா? சந்தனம், மஞ்சள், திருநீறு, தலை எண்ணெய், மூன்று நாள் நடந்து வந்த கால் புழுதி எல்லாவற்றோடும் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாக அரோகரா. மூன்று நாள். உன் அம்மா கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். தாத்தா என்னைக் கூப்பிட்டு, இந்த மூன்று நாளும் சாயங்காலம் ரெண்டு பங்கு மருந்து போட வேண்டும் என்று கட்டளை போட்டுவிட்டு அன்னதான வேலைக்குப் போய்விட்டார்.

நான் ஒரு பங்குகூடப் போடவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் ராட்டினத்துக்காரனிடம் சிநேகம் பிடித்து ஓசியில் சுற்றினேன். ரெண்டாம் நாள் புஷ்பக் காவடிக்குப் பின்னாலேயே ஆடிக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள், ரெண்டு நாள் போடாததைச் சேர்த்து எப்படிப் போடுவது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன். நாளைக்கு என்று சொன்னவன் எவனும் அதை இன்றைக்கு என்று சொல்லிப் பார்த்ததில்லை.

நாலாம் நாள் காலை கூட்டம் கலைந்திருந்தது. தாத்தா தொட்டிப் பக்கம் போனார். வாடை அவரைப் பத்தடிக்கு முன்னாலேயே எதிர்கொண்டது. திருவிழாவுக்கு முன்னால் நான் போட்டிருந்த மருந்தின் மிச்சம் கூட்டத்து அழுக்கில் சிக்கிச் செத்த வாடை அது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, “இன்னாடா, டப்பாவையே கவுத்துட்டியா?” என்றார். அந்த நொடியை நான் எத்தனையோ தடவை திரும்ப வாழ்ந்து பார்த்திருக்கிறேன். போடவே இல்லை மாமா என்றால், முருகன் ஆட்களுக்கும் துரோகம், அவர் மகளுக்கும் துரோகம், மறுநாள் கனகம்மாசத்திரத்துக்கு வண்டி. நிறையப் போட்டுவிட்டேன் என்றால் அது குறும்பு. என் குறும்புக்கு அந்த வீட்டில் மன்னிப்பு உண்டு. “கை கொஞ்சம் தாராளமாப் பூட்ச்சி மாமா,” என்றேன். அவர் சிரித்துவிட்டார். பரீட்சை மார்க்கிலும் அந்தத் தாராளம் இருக்கட்டும் என்றார். அப்புறம், வாடை போகிறவரைக்கும் ஒரு வாரம் மருந்தே வேண்டாம் என்று டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார்.

நம் வீட்டில் நடந்த தப்பு இதுதான், மகனே. நீ முந்தாநாள் உன் ஆளிடம் சொன்னதும் இதேதான். அதைக் கேட்டால் நான் கத்தாமல் என்ன செய்வேன்?

உன் அம்மாவுக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் கால் இறுகிப்போயிருந்தது. அன்றைக்கே இறங்கினாள். குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு அத்தை மகனான என்னிடம், “பாவா, கொழகொழன்னு கீதே. மருந்து நெறையப் போட்டா இப்டியா இருக்கும்?” என்று கேட்டாள். ஆங், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் புளுகு. பொய்க்கும் புளுகுக்கும் வித்தியாசம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. புளுகை நம்பினவன் சிரிப்பான். பொய்யை நம்பினவன் அதற்குள் இறங்கி நிற்பான்.

மூன்றாம் நாள் இடது காதில் வலி என்றாள். மருந்துக் காரம் காதைப் புண்ணாக்கிவிட்டது என்று தாத்தா நல்லெண்ணெய் காய்ச்சி விட்டார். தொட்டியில் இறங்குவதை நிறுத்தினார். டாக்டர் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்தார். தாத்தா ரிப்போர்ட் கொடுத்தார், பையன் மருந்தை அள்ளிக் கொட்டிவிட்டான், அதனால் வெந்துபோயிருக்கிறது என்று. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து எவ்வளவு போட்டாய் என்றார். நான் கையை விரித்து இவ்வளவு என்று காட்டினேன். வாயால் சொல்லவில்லை, கையால்தானே காட்டினேன் என்று அப்புறம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். அந்த வக்கீல் ஜெயிக்கவில்லை. அவ்வளவு மருந்து போட்ட தண்ணீரில் கிருமி இருக்க வழியில்லை, காரத்தால் வந்த எரிச்சல்தான், எண்ணெயே போதும், நாலு நாளில் ஆறும் என்று சொல்லிவிட்டு அவர் ரயிலேறிப் போனார். அவர் மேல் குற்றமே இல்லை. நான் காட்டின அளவுக்கு அவர் சொன்ன வைத்தியம் சரி.

ரெண்டு நாளில் காய்ச்சல் நெருப்பாகச் சுட்டது. காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. தலையணையில் மஞ்சளாகக் கறை. தாத்தா நாலு நாள் கெடுவை நம்பிக்கொண்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், நம்பாமல் என்ன செய்வார்? எண்ணெய் விடும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள், கத்தமாட்டாள். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். சொல்ல வேண்டியதை எனக்குத் தெரிந்த ஒரே வழியில், வேடிக்கையாகச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒத்திகை பார்த்தேன். ஒரு வேடிக்கையும் ஒட்டவில்லை.

மத்தியானம் தாத்தா எண்ணெய் காய்ச்ச அடுப்படிக்குப் போனார். நான் அவள் பாயருகில் குந்தி, வெளியே கேட்டுவிடாமல் காதோரம் குனிந்து, நான் மூன்று நாளும் மருந்தே போடவில்லை என்று சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மறுபடி சொன்னேன். அவள் கண்ணைத் திறந்து என் உதட்டைப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் வந்து சொல்லு பாவா,” என்றாள். “அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல.”

எழுந்து மறு பக்கம் போவதற்கு நாலு எட்டுத்தான் இருக்கும். அந்த நாலு எட்டை நான் இன்னும் நடந்து முடிக்கவில்லை. போய் உட்கார்ந்து வலது காதில் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். பதிலாக, “என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? நானா உனுக்கு டாக்டரு? நைனாகிட்ட போய்ச் சொல்லு,” என்றாள். நான் நகரவில்லை. அவள் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள், நீ சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்கிறேன் என்பது போல. அந்தக் காலோடு, அந்தக் காய்ச்சலோடு.

நான் அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். தாத்தா கையில் எண்ணெய்க் கரண்டி இருந்தது. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கரண்டியை இறக்கி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் மாறிப்போட்டிருந்தது. பக்கத்து வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறவருக்குப் பின்னால் நானும் ஓடினேன். அரக்கோணத்துக்கு ரயிலேறினோம். டாக்டர் வீட்டு வாசலில் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, “நீயே சொல்லு. நான் சொன்னா தப்பாச் சொல்லுவேன்,” என்றார். சொன்னேன், எத்தனை பேர் குளித்தார்கள், எத்தனை நாள், எத்தனை கரண்டி. ஒரு கரண்டியும் இல்லை. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எங்களோடேயே அடுத்த ரயிலில் வந்தார். காதுக்குப் பின்னால் கீறிச் சீழை வடித்தார். கிருமியைக் கொல்கிற சல்பா மாத்திரை கொடுத்தார், யுத்த காலத்தில் அது சுலபத்தில் கிடைக்காது, யாரிடமோ கேட்டுத் தருவித்திருந்தார். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும் என்று தாத்தாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அந்த ரெண்டு நாள் மிச்சமானது. அதற்கு முந்தின ரெண்டு நாள், நான் கையை விரித்துக் காட்டிய அந்த ரெண்டு நாள், காதைக் கொண்டுபோய்விட்டது.

அதனால்தான் கல்யாணமானது முதல் நான் உன் அம்மாவுக்கு வலது பக்கமாகவே நடக்கிறேன். காதல் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். காதலும் உண்டு. எழுதலாமா என்று நேற்று அவளைக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எழுதுங்க. ஆனா நான் பல்லைக் கடிச்சிகினு கெடந்தேன்னு எழுதாதீங்க. நல்லாவே கத்துனேன்,” என்றாள். எனக்கு அப்படி ஞாபகமில்லை. எழுதினதை அடிக்கவும் மனமில்லை. இரண்டையும் வைத்துக்கொள்.

நீ கேட்டதற்கு ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். திரவம் வாங்கு, நான் சொன்ன மாதிரி வை. மூக்கை நம்பாதே, சோதிக்கிற காகிதத்தை நம்பு. அதையும்விட, குளத்தைப் பார்த்துக்கொள்கிற அந்த ஆளை மிரட்டி வைக்காதே. போட மறந்தேன் சார் என்று உன் முகத்துக்கு நேரே சொல்லும்படி அவனை வைத்துக்கொள். அவன் பயந்தால் உனக்குப் பிடித்த பதிலைச் சொல்வான், எந்தக் குளோரினும் உன்னைக் காப்பாற்றாது. உன் தாத்தா கடுமையானவர் இல்லை. இருந்தும் எனக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடிதான் வேண்டும் என்பதில்லை, நல்ல பெயர் போய்விடும் என்பதே போதும்.

ரெண்டு மாதம் கழித்து, தொட்டியைக் கழுவி மறுபடி இறைத்து நிரப்பினோம். தாத்தா பரணிலிருந்து டப்பாவை எடுத்து வந்தார். என்னைத் தாண்டிப் போய் அதை மகள் கையில் கொடுத்தார். இனி அது அவள் டூட்டி என்றார். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூடியைத் தடவினாள். “பாவாவே போடட்டும் நைனா,” என்றாள். “நான் கேட்டுக்கறேன்.”

கேட்டாள். தினம் காலையில் இறங்கும் முன், கரையில் உட்கார்ந்து, வலது பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, நேற்றுப் போட்டாயா என்று கேட்பாள். போட்டேன் என்பேன், இறங்குவாள். ஒரு வருஷம் போல இப்படி நடந்தது. கால் தேறிக்கொண்டே வந்தது. ஒரு மாசி மாதம் எனக்குப் பரீட்சை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினதில் ஒரு சாயங்காலம் மறந்துபோனேன். காலையில் அவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஒரு காலை ஏற்கெனவே தண்ணீரில் விட்டிருந்தாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது, அடியில் கிடந்த இலைகூடத் தெரிந்தது, ஒரு நாள் விட்டதால் ஒன்றும் ஆகியிருக்காது. கேட்டாள். தாத்தா கவலை மாட்டுக்குப் பக்கத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

போடவில்லை என்றேன்.

அவள் காலை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டாள். கோபிக்கவில்லை. சரி, நாளைக்கு இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து நிற்க என் தோளைப் பிடித்தாள், பிடித்தபடியே வீடு வரைக்கும் நடந்து வந்தாள். அன்றைக்குத்தான் அவள் தன் நைனாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்தாளாம். என்னிடம் அதைச் சொல்ல ரெண்டு பேருக்கும் அஞ்சு வருஷம் பிடித்தது.

போட்டதும் போடாததுமாக,
உன் அப்பன்